இப்போது நான்கு, பிறகு பதினோராயிரம்

டாக்டர் குமுதவல்லியின் கட்டுரைக்கு ஜோசியர் இரண்டு எண்கள் கொடுத்தார். இப்போது வெளியிட்டால் நான்கு. இரண்டு வருடம் கழித்து வெளியிட்டால் பதினோராயிரம்.

ஜோசியர் என்பது ஆய்வகங்களில் வழங்கிய பெயர். அரசு ஆணைகளில் அது ‘மேற்கோள் முன்கணிப்பு அமைப்பு’. எந்த நாட்டு விஞ்ஞானியும் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அதனிடம்தான் கொடுக்க வேண்டும். வரும் பத்து வருடங்களில் உலகம் முழுவதும் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் இதை மேற்கோள் காட்டுவார்கள் என்று அது சொல்லிவிடும். பெரும்பாலும் சொன்னபடியே நடக்கும். அதனால் உண்மையான மேற்கோள்கள் வந்து சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கணித்த எண்ணை அப்போதே விஞ்ஞானியின் பெயரில் ஏற்றிவிடுவார்கள். யாருக்கு ஆய்வகம், யாருக்கு மாணவர்கள், யாருக்குப் பதவி உயர்வு, யாரை ஓரம் கட்டுவது எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்துத்தான்.

போன வருடம் ஜோசியருக்குப் புதிதாக ஒரு வேலையும் கற்றுக் கொடுத்திருந்தார்கள். கட்டுரையை எப்போது வெளியிட்டால் அதிக மேற்கோள் கிடைக்கும் என்று நாள் குறித்துக் கொடுக்கும். அதற்கு முகூர்த்தம் என்று பெயர் வைத்தது குமுதவல்லியின் ஆராய்ச்சி மாணவி பர்வீன்.

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்தக் கால்நடை வைரஸ் ஆய்வு நிலையத்தில் குமுதவல்லி இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறாள். ஆடு, எருமை, பன்றி, வாத்து என்று யாரும் சீண்டாத பிராணிகளின் வைரஸ்களைப் பற்றி நாற்பத்தேழு கட்டுரைகள் எழுதியிருந்தாள். நல்ல கட்டுரைகள்தான். ஆனால் வாத்துக்கு வரும் தொண்டை வீக்கத்தை யார் மேற்கோள் காட்டுவார்கள்? நிலையத்தின் வரவேற்பறைச் சுவரில் எல்லா விஞ்ஞானிகளின் படங்களும் அவரவர் மதிப்பெண்ணோடு ஒளிரும். அவளுடைய படம் கடைசி வரிசையில், குளிர்சாதன இயந்திரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. மூன்று ஆண்டு மதிப்பீட்டில் இந்த முறையும் தேறாவிட்டால் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும், பர்வீனுக்கும் தெரியும்.

நாற்பத்தெட்டாவது கட்டுரையும் வாத்து வைரஸ் பற்றியதுதான்.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க அரக்கோணம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக டெல்டாவுக்கு வருவார்கள். கண்ட இடத்தில் கூடாரம் போட்டு, ஒரு வயல் தீர்ந்ததும் அடுத்த வயலுக்கு நகர்வார்கள். அப்படி வந்த கன்னியப்பன் என்பவர் காய்ச்சலோடு அரசு மருத்துவமனைக்கு வந்தார். இரண்டு நாளில் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. பிறகு விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சும் நின்றுபோனது. அதே வாத்துப் பட்டியில் அவருடைய தம்பி, தம்பி மனைவி, இன்னொரு பட்டியில் ஒரு கிழவர் என்று வரிசையாகப் படுத்தார்கள். தம்பி பிழைக்கவில்லை.

குமுதவல்லியும் பர்வீனும் வெயிலில் வயல் வயலாக அலைந்து வாத்துகளின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். வைரஸ் அகப்பட்டது. வாத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. மனிதத் தொண்டையில் ஒட்டிக்கொள்ள மட்டும் அது பாதி கற்றுக்கொண்டிருந்தது. மீதியையும் கற்றுக்கொண்டால் வாத்தைத் தொடாதவருக்கும் வரும். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

எண்கள் வந்த அன்று இயக்குநர் அருமைநாயகம் தானே மாடியேறி ஆய்வகத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து வருடக்கணக்காகிவிட்டது.

“குமுதா, பதினோராயிரம்! நம்ம நிலையம் தொடங்கின நாள்ல இருந்து எல்லாருடையதையும் சேர்த்தாக்கூட அவ்வளவு தேறாதும்மா. நான் டெல்லிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

பின்னாலேயே கேன்டீன்காரர் கேசரித் தட்டோடு நின்றார். பர்வீன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது. ஒரே கட்டுரையில் டாக்டர் பட்டமும், விரும்பிய ஊரில் வேலையும் கிடைத்துவிடும்.

குமுதவல்லி கேசரியைக் கையில் வாங்கினாளே தவிர, சாப்பிடவில்லை.

“ஏன் சார்?” என்றாள்.

“என்ன ஏன்?”

“வாத்து மேய்க்கிற நாலு குடும்பத்துக்கு வந்த காய்ச்சலைப் பத்தின கட்டுரை. இதைப் பதினோராயிரம் பேர் எதுக்கு சார் மேற்கோள் காட்டப்போறாங்க?”

“நல்ல வேலைம்மா. தாமதமா கவனிப்பாங்க.”

“நல்ல வேலைன்னா இப்பவும் நல்ல வேலைதானே? இப்ப வெளியிட்டா நாலுங்குது. அதே கட்டுரை, அதே எழுத்து. ரெண்டு வருஷத்துல என்ன நடக்கும்?”

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முட்டாள் இல்லை. ஒரு காலத்தில் அவரும் வைரஸ் ஆராய்ச்சி செய்தவர்தான்.

குமுதவல்லி கல்லூரியில் படித்தபோது ஒரு பெருந்தொற்று உலகத்தையே வீட்டுக்குள் பூட்டியது. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத பழைய வைரஸ் கட்டுரைகளுக்கு அப்போது ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள் குவிந்தன. அந்த நாள் அவருக்கும் ஞாபகம் இருக்கும்.

“கணிப்புக்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம்” என்றார் கடைசியில். “நீயா ஒண்ணைக் கற்பனை பண்ணிக்காதே. ரெண்டு வருஷம் உள்ள வெச்சிருப்போம். முகூர்த்தத்தன்னிக்கு வெளியிடலாம்.”

அவர் போன பிறகு குமுதவல்லி ஜோசியரின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். பாட்டு முடிந்து, விளம்பரம் முடிந்து, மறுபடியும் பாட்டு வந்து, ஒருவழியாக ஓர் இளைஞன் பேசினான்.

“என் கட்டுரைக்கு ரெண்டு எண் வந்திருக்குங்க. ரெண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்னு தெரியணும்.”

“எண்ணுல ஏதும் பிழை இருக்கா மேடம்?”

“பிழை இல்ல. காரணம் வேணும்.”

“காரணம் காட்டுற வசதி இல்லீங்க மேடம்.”

“சரி, எதையெல்லாம் பார்த்துக் கணிக்குது? அதையாவது சொல்லுங்க.”

“எல்லாத்தையும் பார்க்கும் மேடம். கோழி விலை, மருத்துவமனை வாங்குற மருந்து, பறவைங்க போற பாதை, விமான டிக்கெட், உலகத்துல எந்த விஞ்ஞானி என்ன தேடுறார், எல்லாம். ஆனா ஏன்னு அதுக்கே தெரியாது. எத்தனைன்னுதான் தெரியும்.”

“ஊரே சாகப்போகுதுன்னு வெச்சுக்கங்க, அதுவும் அதுக்கு வெறும் எண்தானா?”

“நான் உதவி மையத்துல இருக்கேன் மேடம். இந்த அழைப்பு உங்களுக்குத் திருப்தியா இருந்திருந்தா ஒன்றை அழுத்துங்க.”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் கால்நடைத் துறை இணை இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார், மோர் வரவழைத்தார், முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். வாத்துகளை மூன்று வாரம் வயல்களிலேயே நிறுத்திவைக்க வேண்டும், சந்தைக்கு அனுப்பக்கூடாது, தொற்று இருக்கும் பட்டிகளை அழிக்க வேண்டும், மற்றவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டும், தடுப்பூசிக்கான விதை வைரஸை நானே தருகிறேன் என்றாள்.

“செய்யலாம் மேடம். வெளியான கட்டுரையோட பதிவு எண்ணைக் குடுங்க, இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்.”

“இன்னும் வெளியாகலை சார். அதுதான் பிரச்சினை.”

“அப்ப எப்படிங்க? போன வாட்டி ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஆடுங்களை நிறுத்தினோம். கோர்ட்டுல நின்னது நான். அதுக்கப்புறம்தான் இந்த ரூல். கட்டுரை இல்லாம ஒரு கோழியைக்கூட நான் தொட முடியாது.”

“ஜோசியரோட கணிப்பு இருக்கு. அதைக் காட்டலாமா?”

“ஐயோ, வெளியாகாத கட்டுரையோட கணிப்பு ரகசியம் மேடம். காட்டினா உங்க மேலயும் கேஸ், பார்த்தா என் மேலயும் கேஸ்.” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “சீக்கிரம் வெளியிடுங்களேன். என்ன தடை?”

அவள் மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள். வெளியிட இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். இயக்குநர் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறார். முகூர்த்தம் வரும்போது நிறுத்திவைக்க வாத்து இருக்கும், காப்பாற்ற மனிதர்கள் இருப்பார்களா தெரியாது. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர் நல்லவராகத்தான் இருந்தார், ஆனால் கதவு திறக்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்த உதையில் அவளுடைய கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

வழி ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குப் பெருமை எதுவும் இல்லை. எரிச்சலில் விதிமுறைகளை வரி வரியாகப் படித்தபோது கண்ணில் பட்டது. பதிவு பெற்ற எந்த அறிவியல் இதழில் வந்தாலும் கால்நடைத் துறை அதைக் கட்டுரையாக ஏற்கும். எந்த மொழியில் என்று விதியில் இல்லை. தமிழில் எழுதினால் அது ‘மக்கள் தொடர்புப் பணி’ என்ற கணக்கில் வரும், இயக்குநர் ஒப்புதல் தேவையில்லை. ஆனால் ஜோசியர் தமிழ் இதழ்களை எண்ணுவதில்லை. ஒருமுறை எங்காவது வெளியான கட்டுரையை வேறெங்கும் மறுபடி வெளியிடவும் முடியாது. கட்டுரை எரிந்துபோன மாதிரிதான்.

பர்வீனிடம் சொன்னாள். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. குளிர்பெட்டிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன.

பர்வீன் முழுவதையும் கேட்டாள். பிறகு கையுறைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

“உங்க பேரு ஏற்கெனவே கீழதான் மேடம் இருக்கு. இன்னும் கீழ போனா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

“தெரியும் பர்வீன்.”

“தெரியாது. அஞ்சு வருஷமா வீட்ல கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுட்டு வர்றேன். வாத்து எச்சத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன். அத்தா கேக்கும்போதெல்லாம் இதோ முடிஞ்சிரும் அத்தான்னு சொல்லிட்டிருக்கேன். இப்ப முடிஞ்சிருச்சு, ஆனா வாத்துக்காரங்களுக்குப் பத்திரிகையில எழுதிக் குடுத்துட்டேன்னு நான் போய்ச் சொல்லணுமா?”

“உன் பேரை எடுத்துடவா?”

“எடுத்துட்டா எனக்கு என்ன மிஞ்சும்? வேலை செஞ்சது நான்.”

“பதினோராயிரம்னா என்ன அர்த்தம்னு உனக்கும் புரியுதில்ல?”

“புரியுது!” பர்வீன் கத்திவிட்டாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். “புரியுது மேடம். ஆனா நிச்சயமா தெரியுமா? ஜோசியரே ஏன்னு சொல்லலையே. நாம வெளியிட்டு, எதுவுமே நடக்காம போச்சுன்னா? எதுவும் நடக்கலைன்னா, நாம தடுத்ததால நடக்கலையா, இல்ல நடக்கவே போகாத ஒண்ணுக்கு என் பட்டத்தை எரிச்சீங்களான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

குமுதவல்லி கொஞ்சம் யோசித்து ஏதாவது சொல்லியிருக்கலாம். “ஆறு மாசம் குடுங்க மேடம், வேற வழி பார்ப்போம்” என்று பர்வீன் கெஞ்சியபோதும் தலையை மட்டும் ஆட்டினாள். அதைச் சம்மதம் என்று பர்வீன் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே கிழவர் இருந்த பட்டிக்குப் பக்கத்து ஊரில், வாத்து வாங்கிச் சமைத்த ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் வாத்து மேய்ப்பவள் இல்லை. ஒரே ஒருமுறை தொட்டவள். அவள் பிழைத்துக்கொண்டாள், நாக்கு மட்டும் குழறிப்போயிற்று. அவளைப் பார்த்துவிட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பிய குமுதவல்லி நேராக உட்கார்ந்து கட்டுரையைத் தமிழில் எழுத ஆரம்பித்தாள்.

‘கால்நடைக் களஞ்சியம்’ என்ற மாத இதழ் கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரின் வீட்டு முன்னறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெயர் சிங்காரவேல். மாடு சினைப்படாததற்குக் காரணங்கள், தீவனப் புல் விளம்பரம், கேள்வி பதில், இவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் அறிவியல் இதழ் என்று அந்தக் காலத்தில் வாங்கிய பதிவு எண்ணை யாரும் ரத்து செய்யவில்லை.

சிங்காரவேல் முழுக் கட்டுரையையும் படித்து முடித்தார்.

“ரொம்பப் பெரிய விஷயமா இருக்கேம்மா. இதை எதுக்கு எனக்குக் குடுக்கறீங்க? வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாமே.”

“நீங்கதான் சார் சீக்கிரம் போடுவீங்க.”

“சீக்கிரம்தான். வர்ற புதன்கிழமை அச்சுக்குப் போகுது. இந்த மாசம் மடிநோய்க் கட்டுரை ஒண்ணு வர்றதா இருந்தது, அதை எடுத்துடறேன்.” பிறகு தயங்கினார். “ஒண்ணே ஒண்ணு. ‘புரதக் கொக்கி’ன்னு எழுதியிருக்கீங்க. அது நம்ம வாசகர்களுக்குப் புரியாது. ‘வைரஸ் பிடிச்சுக்கிற கை’ன்னு போட்டுக்கட்டுமா?”

குமுதவல்லிக்குப் பல வாரங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. “போட்டுக்கங்க சார்.”

முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது பெயர் பர்வீனுடையது. பர்வீனிடம் கேட்காமல்தான் போட்டாள். பெயரை எடுத்திருந்தால் அதைவிட மோசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இதழ் வந்த அன்றே இணை இயக்குநர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லாரிகள் வந்தன, நான்கு மாவட்டங்களில் வாத்துகள் நின்ற இடத்திலேயே நின்றன, அவள் தந்த விதை வைரஸிலிருந்து தடுப்பூசி தயாரானதும் குழுக்கள் வந்தன. தொற்று இருந்த பட்டிகளில் வாத்துகளைக் கொன்று குழியில் புதைத்தார்கள்.

கன்னியப்பன் பட்டிக்குக் குமுதவல்லியும் போயிருந்தாள். கன்னியப்பனின் மனைவி அஞ்சலை குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு அந்த வாத்துகளை வைத்துத்தான் அவள் வாழ்க்கை ஓடியது.

“இன்னா டாக்டரம்மா, எல்லாத்தையும் பொதைச்சிட்டீங்களே. அவரு செத்தப்ப ஒருத்தரும் லாரி எடுத்துக்கினு வரலியே. இப்ப மட்டும் எங்கிருந்து வந்தாங்கோ இத்தினி பேரு?”

“நோய் பரவக்கூடாதுன்னுதாம்மா...”

“யாருக்குப் பரவக்கூடாது? எங்களுக்குத்தான் வந்துடுச்சே. இனிமேட்டு வர்றவங்களுக்காக எங்க பொழப்பைப் பொதைக்கிறீங்க. நீதான் எழுதுனியாமே? நல்லா இரு.”

‘நல்லா இரு’ என்று அவள் சொன்ன விதத்தில் குமுதவல்லி இரண்டடி பின்வாங்கினாள். நிவாரணம் வரும் என்று சொல்ல வாயெடுத்தாள். வராது என்று அவளுக்கே தெரிந்ததால் சொல்லவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியபோது பர்வீனின் மேசை காலியாக இருந்தது. போனை எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளைப் படித்ததற்கான அடையாளம் மட்டும் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஹைதராபாத்தில் ரத்தப் பரிசோதனைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாக வேறு யாரோ சொன்னார்கள்.

அருமைநாயகம் சத்தம் போடவில்லை. அவருடைய அறையில் எதிரே உட்காரவைத்தார்.

“டெல்லிக்குச் சொல்லிட்டேன் குமுதா” என்றார். “பதினோராயிரம்னு சொல்லிட்டேன். அதை நம்பிப் புதுக் கட்டடத்துக்கு ஒப்புதல் வாங்கினேன். நாலு சின்னப் பசங்களுக்கு வேலை போட்டுத் தர்றதா இருந்தேன். இப்ப அவங்களுக்கு நான் என்ன சொல்ல?”

“சார், பதினோராயிரம் வரணும்னா எத்தனை பேர் சாகணும்னு நீங்க யோசிக்கலையா?”

“யோசிச்சேன்.” அவர் அவளை நேராகப் பார்த்தார். “யோசிக்காத மாதிரி இருந்துட்டேன். எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்? ஆனா நீ இப்ப செஞ்சதுல ஒண்ணும் நடக்கலைன்னா, கணிப்பு தப்புன்னுதான் எழுதுவாங்க. நீ தடுத்தேன்னு ஒருத்தரும் எழுதமாட்டாங்க. அது தெரியும்ல?”

தெரியும். ஆனால் அது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று தெரியாது.

ஒரு வருடம் போயிற்று. புதிதாக யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. மூன்று ஆண்டு மதிப்பீட்டுக் குழு கூடியது. எதிரே இருந்த மூன்று பேரில் ஒருவர் அவளைவிட மிகவும் இளையவர். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இந்தக் கட்டுரைக்கு இதுவரை மேற்கோள் பூஜ்யம். சரிதானே டாக்டர்?”

“தமிழ்ல வந்தது. எண்ண மாட்டாங்க.”

“சரி, மேற்கோள் இல்லாட்டி வேற ஏதாவது விளைவு? உங்க ஆராய்ச்சியால என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலை” என்றாள் குமுதவல்லி.

அவர் அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். குமுதவல்லி மேலே விளக்க ஆரம்பித்தாள். வாத்து, தொண்டை, பிடித்துக்கொள்ளும் கை எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு ஏதோ தப்புக்குச் சாக்குச் சொல்வதுபோல ஒலித்தது. பாதியில் நிறுத்திவிட்டாள். அவர்கள் நன்றி சொன்னார்கள்.

ஆய்வகம் போயிற்று. கோழித் தீவனத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். வரவேற்பறைச் சுவரிலிருந்து அவள் படத்தை எடுத்துவிட்டார்கள். தினமும் மூட்டை மூட்டையாகத் தீவனம் வரும். குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்து, கரைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பதிய வேண்டும். பர்வீன் கேட்ட கேள்வி அந்த வேலையின் நடுவில் திரும்பத் திரும்ப வந்தது. நடக்கவே போகாத ஒன்றுக்காகவா? கோழித் தீவனத் தூசியில் இருமிக்கொண்டு அதை யோசிப்பாள். விடை கிடைக்காது. விடை கிடைக்கவே முடியாது என்பதுதான் அவளுக்குக் கோபம். தப்பு செய்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். சரியாகச் செய்தவருக்கு மட்டும் கடைசிவரை தெரியப்போவதில்லை.

ஜோசியர் குறித்த முகூர்த்த நாள் வந்தது. நிலையத்தில் வேறு யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை, ஆனால் குமுதவல்லிக்கு ஞாபகம் இருந்தது. அன்று காலையில் செய்திகளை வரி விடாமல் பார்த்தாள். ஓர் ஊரிலும் ஒன்றும் இல்லை. கிரிக்கெட் இருந்தது, மழை இருந்தது, வெங்காய விலை இருந்தது. மத்தியானம் தீவனப் பிரிவில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டாள். தன்னை யாராவது ஒருவர் பாராட்டியிருக்கலாம் என்ற ஆசையை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், கை கழுவிக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டு எண்.

“டாக்டர் குமுதவல்லியோ? என்ர பேர் தர்ஷிகா. நான் கண்டியில இருந்து கதைக்கிறன். உங்களோட அஞ்சு நிமிசம் கதைக்கலாமோ?”

“சொல்லுங்க. எந்தத் தீவனக் கம்பெனி?”

“கம்பெனி இல்லை அக்கா. நான் வைரஸ் ஆராய்ச்சி செய்யிறனான்.” அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டாள். “என்ர கட்டுரைக்கும் ரெண்டு நம்பர் வந்திருக்கு.”

குமுதவல்லி குழாயை மூடினாள்.

“இப்ப போட்டா ஏழு. மூண்டு வருசம் பொறுத்தால் முப்பதாயிரம். எங்கட தலைவர் பொறுக்கச் சொல்லுறார். எனக்கு நித்திரையே இல்லை. ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. பிறகு ஒரு ஆள்தான் உங்கட நம்பரைத் தந்தவா. நீங்கள் பொறுக்கேல்லையாம் எண்டு சொன்னா.”

“யாரு தந்தாங்க?”

“ஹைதராபாத்தில இருக்கிறா. பர்வீன் எண்டு பேர். நான் மட்டுமில்லை அக்கா, எங்களை மாதிரி ஆக்கள் இன்னும் இருக்கினம். கென்யாவில ஒருத்தர், பிரேசில்ல ரெண்டு பேர். எல்லாரையும் பர்வீன்தான் தேடிப் பிடிச்சு வச்சிருக்கிறா. ஆனா உங்களிட்டக் கேக்கச் சொல்லி அனுப்பினது என்னை மட்டும்தான். தான் கதைச்சால் உங்களுக்குப் பிடிக்காதெண்டு சொன்னா.”

குமுதவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. பர்வீன் எப்படி இருக்கிறாள், கல்யாணம் ஆயிற்றா, இன்னும் கோபமாக இருக்கிறாளா என்று. அந்தப் பெண்ணோ பயத்தில் வேகவேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பிள்ளை இருக்கு அக்கா. வேலை போனால் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் செய்தது சரியெண்டு இப்ப உங்களுக்குத் தெரியுமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“தெரியாதும்மா” என்றாள் குமுதவல்லி. “எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உனக்கும் தெரியாமத்தான் போகும்.”

தர்ஷிகா போனை வைத்துவிடுவாள் என்று தோன்றியது.

“வேலையும் போகும்” என்றாள் குமுதவல்லி. “பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?”

“ம்.”

“உங்க ஊர்ல தமிழ்ல, இல்லாட்டி சிங்களத்துல, மிருக வைத்தியத்துக்கு ஏதாவது பத்திரிகை வருதா?”

“ஒண்டு வருது. வருசத்துக்கு ரெண்டு தரம்தான்.”

“அடுத்தது எப்போ?”

“இன்னும் நாலு மாசம் இருக்கு.”

“நாலு மாசம் தாங்காது. சிங்காரவேல் சார்கிட்ட நான் பேசறேன், அவர் மாசாமாசம் போடறார். பதிவு எண் உங்க நாட்டுல செல்லுமான்னு பார்க்கணும்.” ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குத்தூசியும் தீவன மூட்டைகளும் கிடந்த மேசையில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தாள். “முதல்ல சொல்லு, என்ன பிராணி?”

தர்ஷிகா அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

“எருமை, அக்கா.”